அக்காவின் வழக்கும் மலைச்சாலைப் புளியமரமும்

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்களில் பாதிப் பேர் பந்தியில் இடம் பிடித்த பிறகுதான் இதைப் பிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் பல வீடுகளில் அப்படித்தான் செய்திருக்கிறேன். அதனால் சுருக்கமாக எழுதும்படி அக்கா மகள் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு என்னைத் தெரியும். பத்திரிகைகளுக்குச் சிரிப்புக் கட்டுரைகள் எழுதி, அதில் சிரிப்பு எந்த இடத்தில் வருகிறது என்று ஆசிரியர்களே கேட்டுத் திருப்பி அனுப்பும் அளவுக்குப் பெயர் பெற்றவன் நான். இது அந்த வகைக் கட்டுரை இல்லை. ஆனாலும் கை பழகிய வழியில்தான் போகும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது மணலூர்பேட்டையில். அப்பாவுக்குப் பெண்ணையாற்றுக் கரையோரம் நன்செய் இருந்தது. கரும்பு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போகும், நெல் வீட்டுக்கு வரும். சித்தப்பா முறையில் ஒருவர் வெல்லக்கடை வைக்க, அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். கடை இரண்டு வருடத்தில் போயிற்று. சித்தப்பா அதற்கு முன்பே போயிருந்தார், பெங்களூருக்கு. வழக்கு அப்பா தலையில் விழுந்தது. அப்பாவுடன் கோர்ட்டுக்குத் துணைக்குப் போனவர், பத்தாவது படித்துக்கொண்டிருந்த அக்கா. நிலத்தில் பாதி அன்று எந்த வாக்கியத்தில் போனது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா அழுததாக அம்மா சொல்வார். அக்கா அதை மறுப்பார். “அழுவல. அந்த வக்கீலு எந்த காலேஜுல படிச்சாருன்னு அப்பாகிட்ட கேட்டுக்கினு வந்தேன்” என்பார்.

அந்த வக்கீல் படித்த அதே சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்து, கறுப்புக் கோட்டோடு கள்ளக்குறிச்சிக்கு வந்து, ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேர்ந்தார். சங்கராபுரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த மாமாவைக் கைப்பிடித்ததும் அந்த ஆண்டுகளில்தான். மாமா தினமும் சங்கராபுரம் பஸ்ஸில் போய்வந்தார். “என் பொண்டாட்டி வக்கீலு, அதனால எனக்கு வூட்ல வாதம் கெடையாது, தீர்ப்பு மட்டுந்தான்” என்று அவர் சொல்லாத கல்யாண வீடு இந்தத் தாலுக்காவில் இல்லை.

மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் மேலும் நான்கு ஜூனியர்கள் இருந்தார்கள். நிலத் தகராறு, பாகப் பிரிவினை, அடிதடி எல்லாவற்றையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அக்காவுக்கு வந்தது மஞ்சள் கடுதாசி. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: கடனைக் கட்ட முடியாத வியாபாரி, ‘என்னிடம் இருப்பது இவ்வளவுதான், கடன் கொடுத்தவர்கள் பங்கிட்டுக்கொள்ளட்டும்’ என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டு போடும் திவால் மனு அது. கடன் கொடுத்தவர்களுக்கு வரும் நோட்டீஸுக்கு ஊர் வைத்த பெயர் மஞ்சள் கடுதாசி. அந்த வழக்குக் கட்டைத் தொட்டால் தொட்டவர் குடும்பமும் நொடித்துப்போகும் என்று எங்கள் ஊர் வக்கீல்கள் உண்மையாகவே நம்பினார்கள். சாமி படம் மாட்டிய அறைக்குள் அதை வைக்க மாட்டார்கள். செருப்பு விடும் இடத்தில், ஒரு தகரப் பெட்டியில் கிடக்கும். அக்காவின் மேசையை அந்தத் தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டார்கள். படித்த நான்கு ஆண்களுக்கு இருந்த பயத்தில் அக்காவுக்கு ஒரு தொழில் கிடைத்தது.

ஊரும் அதற்கேற்றாற்போல் நடந்துகொண்டது. கடைவீதியில் அக்கா காலையில் நடந்து போனால், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளிகள் குனிந்து எதையோ தேடுவார்கள். ஒரு ஜவுளிக்கடைக்காரர் எங்கள் அம்மாவிடம் நேராகவே சொன்னார்: “தப்பா நெனச்சிக்காதீங்கம்மா. வக்கீலம்மா நல்லவங்கதான். கட தெறக்கற நேரத்துல மட்டும் அந்தாண்ட தெருவால போவச் சொல்லுங்க.” அக்கா ஒருநாளும் அந்தாண்டத் தெருவால் போனதில்லை. அதே ஜவுளிக்கடைக்காரர் நான்கு வருடம் கழித்துப் பின்பக்க வாசல் வழியாக அக்காவைப் பார்க்க வந்தார். அக்கா எழுந்து போய் முன்வாசலைத் திறந்து, “இப்படி வாங்க” என்றார். அவ்வளவுதான் பழிவாங்கல்.

தனி அலுவலகம் போட்டபோது குமாஸ்தாவாக என்னைச் சேர்த்துக்கொண்டார். பி.காம். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கணக்குப்பதிவியலில் தோற்றவன், திவால் வக்கீலுக்குக் குமாஸ்தா. இதைவிடப் பொருத்தமான ஆளை அக்கா தேடியிருந்தாலும் கிடைத்திருக்க மாட்டான்.

அக்கா வேலை செய்யும் முறை ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். திவால் மனுவில் யார் யாருக்குக் கடன் என்று பட்டியல் வேண்டும். வருகிற வியாபாரி பெரிய பெயரிலிருந்து தொடங்குவார்: வங்கி, மண்டிக்காரர், மாமனார். அக்கா பேனாவை மூடி வைத்துவிடுவார். “பால் ஊத்தறவங்களுக்கு எவ்வளவு பாக்கி?” வியாபாரிக்கு முகம் கறுக்கும். லட்சக்கணக்கில் கடன் என்று சொல்ல வராத வெட்கம், பால்காரிக்கு இரண்டு மாதம் கொடுக்கவில்லை என்று சொல்ல வரும். “துணி வெளுக்கறவரு? கடையில மூட்ட தூக்கறவங்க? அவங்க பேர மொதல்ல சொல்லுங்க. மாமனார் எங்கயும் ஓடிட மாட்டாரு.”

ஒரு வெல்ல வியாபாரி வீட்டை மனைவி பேருக்கு எழுதிவைத்துவிட்டு வந்தார். எழுதிய மூன்றாம் நாள் அந்த அம்மாள் இவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். மனிதர் எங்கள் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு தேம்பினார்.

“கோர்ட்ல சொன்னா அந்த எழுத்து செல்லாதுங்க” என்றார் அக்கா. “வூடு கோர்ட்டு வைக்கற ரிசீவர்கிட்ட போவும், வித்துக் கடன் குடுத்தவங்களுக்குப் பங்கு போட்டுடுவாரு. சொல்லலன்னா உங்க வூட்டம்மாகிட்டயே இருக்கும். எங்க இருந்தா உங்களுக்கு ஒருவேள சோறு கெடைக்கும்?”

அவர் தேம்பலை நிறுத்தினார். “ரிசீவரு சோறு போடுவாருங்களா?”

“மாட்டாரு.”

“இவளும் போட மாட்டா. வித்துடச் சொல்லுங்க. கடன் குடுத்தவனாவது வாழட்டும்.”

அந்த வழக்கில் கடன் கொடுத்த எல்லோருக்கும் பங்கு கிடைத்தது. அக்கா தன் தொழிலில் சந்தோஷப்பட்டு நான் பார்த்த சில நாட்களில் அது ஒன்று. பெரும்பாலும் சந்தோஷத்துக்கு இடமில்லாத தொழில். வருகிறவர் ஏற்கெனவே விழுந்தவர். இவர் செய்ய முடிந்தது, விழுந்தவர் யார் மேல் விழுந்தார் என்று எழுதிவைப்பது மட்டும்.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். உறவினர்கள் யாருக்கும் இது தெரியாது.

சின்னசேலம் பக்கத்தில் ஒரு சேகோ மில் இருந்தது. ஜவ்வரிசிக்கு வேண்டிய மரவள்ளிக் கிழங்கு கல்வராயன் மலையிலிருந்து லாரியில் இறங்கும். எடை போட்டு மில்லில் சீட்டு கொடுப்பார்கள். பணம் பிறகு. மலைக்காரர்கள் அந்தச் சீட்டை வீட்டுக்குக் கொண்டு போக மாட்டார்கள். மேலே கூரை ஒழுகும், எலி கடிக்கும். அதனால் மில் கணக்குப்பிள்ளையிடமே, “நீங்களே பத்திரமா வச்சிக்குங்க” என்று கொடுத்துவிட்டுப் போவார்கள். பல வருடம் அப்படி நடந்தது. ஒரு சீட்டும் தவறியதில்லை. மில் மஞ்சள் கடுதாசி கொடுத்த வாரம் அத்தனை சீட்டும் தவறிவிட்டன.

நாற்பத்திரண்டு குடும்பங்களின் ஒரு வருடக் கிழங்கு. அவர்கள் சார்பில் வெள்ளையன் என்ற பெரியவர் மலை இறங்கி அக்காவிடம் வந்தார். அந்தப் பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“சீட்டு எங்கங்க?” என்றார் அக்கா.

“மொதலாளிகிட்டதாம்மா இருந்திச்சி.”

“கடன் வச்சவர்கிட்டயே அதுக்கு சாட்சியையும் குடுத்து வச்சீங்களா?”

“அவுருது இரும்புப் பொட்டிம்மா. எங்களுது புல்லுக் கூர.”

அக்கா என்னிடம் திரும்பி, “எழுதுடா” என்றார்.

வழி ஒன்று இருந்தது. கோர்ட் நியமித்த ரிசீவர் மில்லை விற்றுவிட்டார். பணத்தைப் பங்கிடுவதற்கு முன்னால் கடன் கொடுத்த ஒவ்வொருவரும் அவர் முன் வந்து, எனக்கு இவ்வளவு வர வேண்டும் என்று சத்தியம் செய்து எழுதிக்கொடுக்கலாம். சீட்டு இல்லாதவர்கள் நேரில்தான் வர வேண்டும், நேரில்தான் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பங்கிட்ட பிறகு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. கொடுத்ததைத் திரும்பக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. ரிசீவர் குறித்த முதல் தேதியில் மலையில் பெருமழை, பாதை சரிந்துவிட்டது. அக்கா போய் நின்று இன்னொரு தேதி வாங்கினார். “மேடம், இது கடைசி” என்றார் ரிசீவர். நேர்மையான மனிதர். காசு வாங்க மாட்டார், காரணமும் வாங்க மாட்டார்.

அந்தத் தேதியை மலைக்குத் தெரிவித்துக் கடிதம் தட்டச்சு செய்தவன் நான். எல்லோரும் கிழங்கு லாரி ஒன்றைப் பேசி, அதில் வந்துவிடுவதாக வெள்ளையன் சொல்லியனுப்பினார்.

அந்த வாரம்தான் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. வட மாவட்டங்கள் முழுக்கச் சாலையில் மரங்கள் விழுந்து கிடந்தன. அந்தக் கோரிக்கை நியாயமானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். படித்தும் வேலை இல்லாமல் ஊர் ஊருக்கு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் படிக்காமலே உட்கார்ந்திருந்தவன் என்றாலும், கூட்டத்தில் அந்த வித்தியாசம் யாரும் பார்ப்பதில்லை. பலர் அடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள், உயிரையும் கொடுத்தார்கள். எங்கள் தெருக் கூட்டாளிகள் ஆறு பேரும் நாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவு செய்தோம். நெடுஞ்சாலையில் போலீஸ் இருந்தது. கச்சிராயபாளையத்துக்கு மேற்கே மலைக்குப் போகும் சாலையில் போலீஸ் இல்லை. எங்கள் வீரத்துக்கு எது தோதாக இருந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

விடிந்தும் விடியாமலும் சைக்கிளில் போனோம். சாலையோரம் பெரிய புளியமரம். இரண்டு பேர் இழுக்கும் ரம்பத்தில் ஒரு பக்கம் நான். மரம் விழ நான்கு மணி நேரம் ஆயிற்று. விழுந்த சத்தத்தில் பயந்து, கோஷம் போடக்கூட மறந்து, ஆறு பேரும் ஓடிவந்துவிட்டோம். போராட்டத்தில் நான் ஆற்றிய பங்கு முழுவதும் இதுதான்.

மலைக்காரர்கள் அன்றைக்கு வருகிறார்கள் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் நான் குமாஸ்தா. கோர்ட் மூடியிருந்தால் அன்றைய தேதி தானாக அடுத்த வேலை நாளுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். ஊரே மூடிக் கிடக்கும்போது ரிசீவர் அலுவலகமும் மூடித்தான் கிடக்கும் என்று வைத்துக்கொண்டேன். ரிசீவருக்கு அலுவலகம் அவர் வீட்டு முன்னறை. அதைத் திறக்க அவர் சமையல்கட்டிலிருந்து எழுந்து வந்தால் போதும். இந்த ஒன்றை நான் மறந்தேன்.

அவர் பத்து மணிக்குத் திறந்தார். அக்கா பத்து மணிக்கே போய் உட்கார்ந்தார். மில் முதலாளியின் மைத்துனர் உட்பட, உள்ளூரில் பெரிய தொகை கடன் கொடுத்ததாகக் காட்டியவர்கள் நடந்தே வந்து சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள். நான் மதியம் நல்ல பிள்ளையாக அங்கே போய்ச் சேர்ந்தேன். முன்னறை திறந்திருப்பதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது.

“எங்கடா போன?” என்றார் அக்கா.

“சும்மாக்கா. ஊரு எப்பிடிக் கீதுன்னு பாத்துட்டு வந்தேன்.”

“லாரி வரல. மெயின் ரோட்லதான மறியலு, மல ரோடு தெறந்துதான இருக்கும்?”

ஐந்து மணிக்கு ரிசீவர் பேரேட்டை மூடினார். “இன்னும் ஒரு மணி நேரம் பாருங்க சார், ஏழைங்க” என்றார் அக்கா. “கடைசி தேதின்னு அன்னிக்கே சொன்னேன் மேடம். ஏழைக்கு ஒரு கடியாரம், பணக்காரனுக்கு ஒரு கடியாரம்னு நான் வச்சிக்க முடியாது” என்றார் அவர். அதை அவர் நியாயம் என்று நம்பித்தான் சொன்னார்.

ஆறு மணி வாக்கில் வெள்ளையனும் ஒன்பது பேரும் நடந்து வந்து சேர்ந்தார்கள். செருப்பில்லாத கால்கள். ஒருவர் மடியில், சத்தியம் செய்யும்போது போட்டுக்கொள்வதற்காகக் கொண்டுவந்த வெள்ளைச் சட்டை மடித்து இருந்தது.

“மரம் வெட்டிப் போட்டுட்டாங்கம்மா” என்றார் வெள்ளையன். “லாரிக்காரன் கண்ணாடி ஒடச்சிடுவாங்கன்னு பயந்துக்கினு வண்டிய திருப்பிட்டான். பொம்பளைங்களயும் வயசானதுங்களயும் அதுல அனுப்பிட்டு நாங்க நடந்துட்டோம்.”

“யாரு வெட்டுனது?”

“தெரிலம்மா. நாங்க வரப்ப அங்க யாருமே இல்ல.”

அக்கா அவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் சொம்பை நீட்டியபோது என் கையைப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

“கையில இன்னாடா?”

“சைக்கிள் செயினு கழண்டுக்கிச்சிக்கா.”

அக்கா என் தலைமுடியையும் ஒருமுறை பார்த்தார். ரம்பத் தூள் இருந்திருக்க வேண்டும்.

ரிசீவரின் முடிவை எதிர்த்துக் கோர்ட்டில் மனு போட்டார் அக்கா. கோர்ட் நியாயமாகவே கேட்டது: அன்று மலைச்சாலை அடைபட்டிருந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி? மறியல் நெடுஞ்சாலையில்தான் நடந்தது என்று போலீஸ் சொல்கிறது. கிராம அலுவலர் சாலை திறந்திருந்தது என்று எழுதிக்கொடுத்திருந்தார். அவரும் பொய் சொல்லவில்லை. அவர் மறுநாள் காலையில் போய்ப் பார்க்கும்போது மரமே இல்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து, விறகுக்காக ஒரு சிராய் விடாமல் எடுத்துப் போய்விட்டார்கள். அடிமரம் மட்டும் இருந்தது. அது என்று வெட்டியது என்று மரம் சொல்லாது. லாரி ஓட்டுநர், நான் அன்று வண்டியே எடுக்கவில்லை என்றார். மலைக்காரர்கள் சொல்வது தங்களுக்குச் சாதகமான பேச்சு என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். வழக்கில் சம்பந்தப்படாத ஒருவர் வந்து சொன்னால் கேட்கிறேன், ஒருவர் போதும் என்றார் நீதிபதி.

அன்று மத்தியானம் அலுவலகத்தில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். நான் தட்டச்சு இயந்திரத்துக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தேன்.

“டேய் தம்பி.”

“சொல்லுக்கா.”

“அந்த மரம் அன்னிக்கிதான் வுழுந்திச்சின்னு சொல்ல ஒரு ஆளு வேணும். பாத்தவங்க யாருனா ஒனக்குத் தெரியுமா?”

வாடிக்கையாளரிடம் பால்காரியைப் பற்றிக் கேட்கும் அதே குரல். அதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நான் அரசுப் பணிக்குத் தேர்வு எழுதிவிட்டுக் காத்திருந்தேன். கோர்ட்டில் ஏறி, மரத்தை நான்தான் வெட்டினேன் என்றால் வெளியே வரும்போது போலீஸ் நிற்கும். கேஸ் உள்ளவனுக்கு அரசாங்க வேலை கிடையாது. எல்லாம் நான் நன்றாக யோசித்த விஷயங்கள். என் வாழ்நாளில் அவ்வளவு தெளிவாக நான் எதையும் யோசித்ததில்லை.

“தெரியாதுக்கா” என்றேன்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்பனின் மை என் விரலெல்லாம் ஒட்டியிருந்தது. “சரி, அடி” என்று சொல்லி, சாட்சி கிடைக்காத மனுவின் வாதத்தைச் சொல்ல ஆரம்பித்தார். நான் அடித்தேன். ஒரு பிழைகூட இல்லாமல் நான் தட்டச்சு செய்த ஒரே தாள் அது.

மனு தள்ளுபடியானது. மில் விற்ற பணம் பங்கானது. மலைக்கு ஒன்றும் போகவில்லை. அந்த வருடம் பல குடும்பங்கள் காப்பித் தோட்ட வேலைக்குக் குடகுக்குப் போயின. வெள்ளையனும் போனார். இரண்டாம் வருடம் அங்கே காய்ச்சலில் இறந்தார். உடலைக் கொண்டுவர வண்டிக்குப் பணம் இல்லாததால் அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, துணியை மட்டும் கொண்டுவந்தார்கள். அவர் மகன் சடையனுக்கு அப்போது இருபது வயது இருக்கும்.

எனக்கு வேலை கிடைத்தது. அந்த முறை இல்லை. போராட்டத்துக்குப் பின் வந்த ஒதுக்கீட்டில், அடுத்த தேர்வில். ஓய்வு பெறும் வரை ஒரு குற்றச்சாட்டும் இல்லாத ஊழியன் என்று எனக்குச் சான்றிதழே கொடுத்திருக்கிறார்கள். இந்த மலரை அச்சிட்ட செலவும் அந்த ஓய்வூதியத்திலிருந்துதான்.

அக்கா அதன் பிறகு முப்பது ஆண்டுகள் தொழில் செய்தார். அரிசி ஆலைக் கூட்டாளிகள், நிதி நிறுவனம் நடத்தி மூழ்கியவர்கள், அவர்களிடம் போட்டு மூழ்கியவர்கள் என்று, இந்த வட்டாரத்தில் சிக்கலான வியாபார வழக்கு என்றால் வக்கீலம்மாவிடம்தான் வரும். பெரிய ஊர் வழக்கறிஞர்கள் தொலைபேசியில் சந்தேகம் கேட்பார்கள். அந்தப் பெருமைகளை மாமாவும் ஜூனியர்களும் இதே மலரில் எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வேண்டியது இன்னொன்று. மலைக்காரர்களின் பட்டா வழக்குகள், ஜாதிச் சான்றிதழ் மனுக்கள் எல்லாவற்றையும் அக்கா ஒரு காசு வாங்காமல் நடத்தினார். வருடம் ஒருமுறை வெள்ளிமலைக்கு மேலே அவர்கள் ஊருக்குப் போவார். என்னைத்தான் கூட்டிப்போகச் சொல்வார். நான் விடுப்பு எடுத்து, முதலில் டி.வி.எஸ். வண்டியிலும் பிறகு ஸ்கூட்டரிலும் பின்னால் உட்காரவைத்துக் கொண்டைஊசி வளைவுகளில் ஏற்றிக் கொண்டுபோவேன். அங்கே எங்களுக்குச் சாமைச் சோறும் கோழிக்குழம்பும் போடுவார்கள். சடையன் என் இலையில் இரண்டாம் முறை கறி வைப்பார். நானும் அவர்களுக்கு நகைச்சுவையாக ஏதாவது சொல்வேன். நன்றாகச் சிரிப்பார்கள். அக்கா மட்டும் சிரிக்க மாட்டார். என் நகைச்சுவையின் தரத்தை அவர் அறிவார் என்று எடுத்துக்கொள்வேன்.

கடைசி இரண்டு ஆண்டுகள் சிறுநீரகம் கைவிட்டது. வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்தார். படுக்கையிலும் வழக்குக் கட்டுகளைப் படித்தார். கையில் ஊசி ஏறியிருக்கும்போது பக்கம் புரட்ட முடியாது, அக்கா மகள் புரட்டுவாள். கடைசி வாரம் கண் பார்வை மங்கியது. நான் போய் உட்கார்ந்தால், “சொல்லுடா” என்பார். நான் ஊர்க்கதை ஏதாவது சொல்வேன். முடித்ததும் மறுபடியும், “சொல்லுடா” என்பார். நினைவு தடுமாறுகிறது என்று மருத்துவரிடம் நானே போய்ச் சொன்னேன்.

நன்றி சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். கடைசி வரை முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும், இரவு பகல் பாராமல் தன் வேலையை விட்டுவிட்டு வந்திருந்த அக்கா மகளுக்கும், நடக்க முடியாத நிலையிலும் தினமும் தலைவாரிவிட்ட மாமாவுக்கும், இறுதிப் பயணத்தன்று கோர்ட்டிலிருந்து நேராக வந்து பாடையைத் தோளில் வாங்கிய வழக்கறிஞர்களுக்கும், அன்று கடையை அடைத்துவிட்டுத் தெருவில் நின்ற கடைவீதி முதலாளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

மலையிலிருந்து இரண்டு ஜீப்பில் வந்தவர்களுக்கு நன்றி சொல்வது எப்படி என்று தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் சடையன் வந்திருந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். அந்த மரத்தை வெட்டியவர்களில் நானும் ஒருவன் என்றேன். கோர்ட்டில் அதைச் சொல்லியிருந்தால் உங்கள் அப்பா குடகுக்குப் போயிருக்க வேண்டாம் என்றேன்.

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“தெரியும்ங்க.”

“என்ன தெரியும்?”

“வக்கீலம்மா கேசு தோத்த வாரமே மேல வந்துட்டாங்க. பஸ்ஸு இல்ல, பாதி தூரம் நடந்தே வந்தாங்க. ஊரக் கூட்டி, எந் தம்பிதான் வெட்டுனான், அவன இட்டுக்கினு வந்து சொல்ல வைக்க எனக்குத் தெம்பு இல்ல, என்ன மன்னிச்சிடுங்கன்னு சொன்னாங்க. எங்க ஆளுங்கல்லாம் சத்தம் போட்டாங்க. அப்பாதான், வுடுங்க, அந்தத் தம்பிகிட்ட யாரும் கேக்கக் கூடாது, அவரா வந்து சொல்லட்டும்னு சொல்லிட்டாரு.”

பக்கத்தில் கிடந்த வாடகை நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“வருசா வருசம் உங்கள மேல இட்டுக்கினு வந்தாங்களே, இன்னாத்துக்குன்னு நெனச்சீங்க?” என்றார் சடையன். “அப்பறந்தான் ரெண்டு வேள பஸ்ஸு வுட்டாங்களே, அதுல தனியாவே வந்திருக்கலாமே. ஒவ்வொரு வாட்டியும் நீங்க எறங்கிப் போனதும் நாங்க ஒருத்தர ஒருத்தரு பாத்துக்குவோம். இந்த வருசமும் சொல்லல.”

“நீங்களாவது கேட்டிருக்கலாமே.”

“அப்பா கேக்கக் கூடாதுன்னுட்டாரே.” துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: “அந்தம்மா இருக்கறப்ப சொல்லியிருக்கலாம்ங்க நீங்க.”

அவர் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்று சத்தியம் செய்ய லாரியில் ஏறிய நாற்பத்திரண்டு பேரில் பதினோரு பேர் உயிரோடு இருக்கிறார்களாம். அவர்களுக்கும் நீங்களே வந்து சொல்லுங்கள் என்று சடையன் அன்றே கேட்டுக்கொண்டார். அவர்களில் பலருக்குப் படிக்கத் தெரியாது. அதனால், ஒரு வருடம் தள்ளிப்போட்ட பிறகு, இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை மேலே போகிறேன். அவர்கள் முன்னால் படிக்கும்போது, சிரிப்புக்காக எழுதிய இடங்களை எல்லாம் விட்டுவிடலாம் என்று பென்சிலால் அடித்துக்கொண்டு வந்தேன். மிச்சம் ஒன்றரைப் பக்கம்தான் இருக்கிறது.

— தம்பி